அடிப்பலகையைச் சாய்த்து வைத்தவன் நான்

பழவேற்காட்டு ஏரியில் ஒரு காலத்தில் என் கை படாத தோணி இல்லை. பசியாவரம் தீவுக்கு ஆள் ஏற்றிப் போன பெரிய படகு நான் கட்டியது. தோணிரேவு ஊரில் முதல் ஐஸ் கொட்டகைக்குக் கூரை போட்டவன் நான்; தகரம் கிடைக்காத நாளில் உடைந்த படகுகளின் பலகையை அடுக்கிப் போட்டேன், எத்தனையோ மழைக்காலம் அது ஒழுகவில்லை. எங்கள் அம்மன் கோயிலின் இரட்டைக் கதவு நான் செய்தது. காட்டூர்ப் பக்கத்து ஆசாரி வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றியபோது, திருவிழாவுக்கு முன்னால் தனியாளாக உட்கார்ந்து செய்து முடித்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எங்கள் ஜனம் மீன் பிடிக்கிற ஜனம். வாய்ச்சியை நான் முதலில் கையில் எடுத்தபோது, "மீன் அரியுற கைக்கு மரம் செதுக்க வருமாடா" என்று சிரித்தவர்கள், பிறகு என் பட்டறை வாசலில் வரிசையில் நின்று தோணி கட்டிக்கொண்டார்கள்.

இதெல்லாம் கிடக்கட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் நாடு நாடாக ஜனங்கள் டிக்கெட் வாங்கி ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்களே ஓர் ஆட்டத் தோணி, அதைச் செய்தவன் நான். கம்பெனி அப்படிச் சொல்லாது. அதனால் நான் சொல்கிறேன்.

அந்தக் கம்பெனி இன்றைக்கு எத்தனையோ தேசத்தில் பூங்கா நடத்துகிற கம்பெனி. அன்றைக்கு அவர்களிடம் இருந்தது இரண்டு ராட்டினமும் ஒரு மரணக் கிணறும்தான். மதராஸ் பொருட்காட்சியிலும் ஊர்த் திருவிழாக்களிலும் கொட்டகை போட்டுப் பிழைத்தார்கள். எழுபதுகளின் நடுவில் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. திருவிழா முடிந்தால் மூட்டை கட்டுகிற பிழைப்பு போதும், ஒரே இடத்தில் நிலையாக ஒரு பூங்கா போட வேண்டும் என்று. பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கவும் டச்சுக்காரன் கல்லறை பார்க்கவும் வேனில் வருகிறவர்கள், மீன் வறுவல் தின்றுவிட்டு மத்தியானமே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது என்று சொல்லி, கரையை ஒட்டிய தன் தோப்பைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டவர் எங்கள் ஊர் வியாபாரக் குடும்பத்துப் பாய் ஒருவர். அவருடைய சொந்தக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பினாங்கில் கடை வைத்திருந்தவர்கள்.

ராட்டினத்தை மணலில் நிறுத்தினார்கள். ராட்டினம் சுற்றவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஜனம் கேட்டது. கடல் அலை மேல் போகிற மாதிரி ஓர் ஆட்டம் வேண்டும் என்றார் முதலாளி. ஏரியோ தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். கரையோரம் இடுப்பளவு ஆழம்கூட இல்லை. இன்ஜின் வைத்த படகு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். விசிறியில் பாசி சுற்றிக்கொண்டு நடுவில் நின்றுவிட்டது. டிக்கெட் வாங்கி ஏறியவர்களை எங்கள் ஆட்கள் முதுகில் தூக்கிக்கொண்டு வந்து கரை சேர்த்தார்கள். அன்றைக்கு அதுதான் நல்ல ஆட்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு கிழட்டுத் தோணியைச் சரிசெய்வதற்காக ஏரியில் இழுத்துக்கொண்டு வந்தேன். முன்பக்கத்து அடிப்பலகை பெயர்ந்து, சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. முன்தோணியில் நான் கழி ஊன்றினேன். பின்னால் இழுபடுகிற தோணியில் தண்ணீர் இறைக்க என் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை என்றால் என் ஒரே தங்கையைக் கட்டியவன். பாதி வழியில் கத்தினான்.

"மச்சான், நிறுத்து. முகத்துவாரம் தாண்டுற மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது. கொடல் வாய்க்கு வருது."

திரும்பிப் பார்த்தேன். தோணியின் மூக்கு தண்ணீரில் குத்தியது, உடனே வயிறு அதைத் தூக்கியது, மறுபடி குத்தியது. அலையே இல்லாத தண்ணீரில் தோணி அலையில் போகிற மாதிரி போனது. மாப்பிள்ளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு என் அப்பன் பாட்டனையெல்லாம் திட்டினான். நான் நிறுத்தவில்லை. வேண்டுமென்றே வேகமாக ஊன்றினேன். இந்த விஷயத்தில் அவன் பங்கு அவ்வளவுதான்: உட்கார்ந்து ஆடினான்.

மறுநாளே பட்டறையில் பலகையைச் சாய்த்து அடிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் சாய்த்தால் ஆடவில்லை. அதிகம் சாய்த்தால் மூக்கு குத்திக் கவிழ்ந்தது. கயிறு நீளமானாலும் போச்சு, குட்டையானாலும் போச்சு. எத்தனை பலகை விறகாகப் போனது என்று கணக்கு வைக்கவில்லை. என் மனைவி அந்த மாதம் முழுக்க வெளியில் விறகு வாங்கவில்லை. கடைசியில் பிடிபட்டது. அப்போதிருந்த கம்பெனி மேனேஜருக்கு இழுத்து ஆட்டிக் காட்டினேன், வை என்றார். ஏரிக்குள் பெரிய பனந்தண்டு ஒன்றை நட்டு, அதன் தலையில் நான்கு கை வைத்து, கைக்கு ஒரு தோணியாகக் கட்டினேன். தண்டு சுற்றினால் தோணிகள் வட்டமாக ஓடும். ஓடும்போதே குத்தும், எழும். சுற்றுவதற்கு மோட்டாரும் கியரும் கம்பெனி இன்ஜினியர் வைத்தார். நல்ல மனிதர். என்னோடு சேற்றில் இறங்கி நின்றவர். கியர் அவருடையது. அதை என்னுடையது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல மாட்டேன். அவரவர் செய்தது அவரவருக்கு.

இதற்கு நடுவில் ஊர் ஒன்று சொன்னது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஏரியின் முறை தெரிய வேண்டும். இறால் வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம், ஆள் நிறைய. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த நாள் எந்த இடம் எந்தக் குடும்பத்துக்கு என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவனுடைய பாடு நாளில் அந்த இடம் அவனுடையது. விழுகிற இறாலும் நண்டும், அடித்துக்கொண்டு வருகிற கட்டையும் அவனுக்கே. மற்றவன் அங்கே காலை வைக்கக் கூடாது. வாயையும் வைக்கக் கூடாது. கரைக்கு வந்த வியாபாரி எதைக் கேட்டாலும், பாடுக்காரனைக் கையைக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். போன வாரம் வலை கட்ட நீ ஊன்றிய கழியாகவே இருக்கட்டும், இன்றைக்கு அது அவன் கழி. மீறினால் ஊர் தண்ணீரில் அவனுக்குப் பாடு கிடையாது. பாடு இல்லாதவனுக்கு இங்கே சோறு கிடையாது.

என் பனந்தண்டு பாடு வைக்கிற ஓர் இடத்தில் நின்றது. ஊர்ப் பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார். "தண்ணியில நிக்கிறது எதுவா இருந்தாலும் ஊருக்குப் பொது. கம்பெனி குடுக்கிற அன்னாடக் கூலிய பாடு வெச்சு எடுத்துக்கலாம். ஒத்துக்கினா நடு. இல்லன்னா புடுங்கினு போ."

ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் தண்டு நின்றிருக்காது. ஆக, தினம் ஒரு குடும்பம் ஆட்டத் தோணியைப் பார்த்துக்கொண்டது. ஆள் ஏற்றுவது, இறக்குவது, கயிறு மாற்றுவது, தண்ணீர் இறைப்பது. என் முறை வரும் நாளில் மட்டும் நான் போவேன். மற்ற நாளில் நான் செய்த தோணியை நானே கரையில் நின்று பார்ப்பேன்.

ஜனம் கூட்டம் கூட்டமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் வேன்கள் பொன்னேரி ரோடு வரைக்கும் நிற்கும். மதராஸ் பெண்கள் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி, இறங்கும்போது புருஷன் தோளில் அடிப்பார்கள். ராட்டினத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனி மேனேஜர் மாறினார், புது மேனேஜர் வந்தார். இன்ஜினியரும் வேறு வேலை கிடைத்து வடக்கே போய்விட்டார். புது மேனேஜருக்கு ஆட்டத் தோணி என்பது ஊர்க்காரர்கள் செய்தது, அவ்வளவுதான். மேல் விவரம் அவர் கேட்கவும் இல்லை.

அப்புறம் அந்த நாள்.

முதலாளி காரில் வந்து இறங்கினார். கூடப் பினாங்கிலிருந்து ஒரு சீன முதலாளி. அங்கே பெரிய பூங்கா போடப் பங்கு சேர வந்தவர் என்று பாய் என் காதில் சொன்னார். குட்டையான ஆள், காலில் போட்ட பூட்ஸைக் கழற்றாமலே தோணியில் ஏறினார். ஆடினார். இறங்கினார். தொப்பியைத் தண்ணீரில் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி ஏறினார். இரண்டாம் தரம் இறங்கியபோது முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கி என்னவோ சொன்னார். மேனேஜர் ஓடி வந்து கரையில் நின்ற எங்களைக் கேட்டார்.

"இதைச் செஞ்சது யாருப்பா?"

பக்கத்தில் நான்தான் நின்றேன். என்னைத்தான் கேட்டார். அன்றைக்கு என் மாப்பிள்ளையின் பாடு. சுற்றிலும் ஊர் நின்றது, பெரியவரும் நின்றார். என் வாயில் வார்த்தை வந்து நின்றதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. முழுங்கினேன். கையைக் காட்டினேன்.

"அவனைக் கேளு சார். இன்னிக்கு அவன் பாடு."

முறை அது. நான் காட்டுவேன், அவன் தண்ணீரில் நின்றுகொண்டு, "செஞ்சது என் மச்சான் சார், அதோ நிக்கிறாரு" என்பான் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மேனேஜர் அவனிடம் போனார். "நீ செஞ்சதா?" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். சீன முதலாளியைப் பார்த்தான்.

"ஆமா சார். நான்தான்."

சீன முதலாளி அவன் தோளில் கையைப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். பின்னால் பனந்தண்டு, முன்னால் இடுப்புத் துணியோடு அவன்.

பத்து நாளைக்குள் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. பினாங்கில் பூங்கா போடுகிறார்கள், தோணிக்காரரை அழைத்துப்போய் அங்கேயும் ஆட்டத் தோணி வைக்கப் போகிறார்கள், பாஸ்போர்ட்டுக்கு மதராஸ் வரச் சொல்லி. மாப்பிள்ளை வீட்டில் வெல்லமும் பொரியும் பங்கிட்டார்கள். என் வீட்டுக்கும் வந்தது. வாங்காமல் திருப்பி அனுப்பினேன்.

ஊரைக் கூட்டச் சொன்னேன். கோயில் முன்னால் கூடியது, நான் செய்த கதவுக்கு முன்னால்தான். என் வழக்கைச் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கு யார் பாடு?"

"அவன் பாடுதான். அதுக்காக?"

"பாடு நாள்ல வந்து வுழுந்தது யாருது?"

"இறாலா வந்து வுழுந்தது? மனுசன்."

"தண்ணிக்கு வந்தது எதுவா இருந்தா இன்னா. கட்டை வந்தா கட்டை. சீனன் வந்தா சீனன்."

கூட்டம் சிரித்தது. ஒருவன், "நல்ல கொழுத்த சீனனா பட்டுச்சு வலையில" என்றான். மறுபடி சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"செஞ்சவன் நான்னு உங்க எல்லாருக்கும் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்பா," என்றார் பெரியவர். "யாரு இல்லன்னா? கழி ஊனுனவன் வேற, பாடு புடிச்சவன் வேற. உன் நாள்ல அந்தச் சீனன் வந்திருந்தா, உன் மாப்பிள்ளை இங்க வந்து நின்னு கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்."

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தான். "மச்சான், கோச்சிக்காத. வலையில பட்ட மீன எவனாவது திரும்பத் தண்ணியில வுடுவானா? நீ வுடுவியா?"

நான் விட்டிருப்பேனா மாட்டேனா என்பது வேறு. நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். அந்த முறை இறாலுக்காக வைத்த முறை. பசியில் ஒருவனை ஒருவன் வெட்டிக்கொள்ளாமல் இருக்க எங்கள் பாட்டன்மார் வைத்தது. அதை வைத்து என் கையையே வெட்டினார்கள்.

மேனேஜரிடம் போனேன். அவர் மேஜையிலிருந்து நிமிரவில்லை. "அன்னைக்கு நீதானேப்பா அவரைக் காட்டினே. இப்ப வந்து நான்தான்னா எப்படி? பினாங்குக்குப் பேரும் போட்டோவும் போயாச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணும்னா நீயும் போ. அவருக்கு உதவியாள்னு போட்டு அனுப்பறேன்" என்றார்.

"எவருக்கு?"

"அதான், உன் மச்சானுக்கு."

வெளியே வந்துவிட்டேன். போயிருக்கலாம் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். போய் அங்கே உண்மையைக் காட்டியிருக்கலாமாம். என் பட்டறையில் ஆணி பொறுக்கியவனுக்கு நான் உதவியாளா? அப்படிப் போய்ச் சம்பாதிக்கிற பெயர் எனக்கு வேண்டாம். அன்றும் வேண்டாம், இன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளை கப்பலேறினான். அடுத்த தைப் பொங்கலுக்குள் திரும்பி வந்தான். வந்தவன் வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டவில்லை. தங்கைதான் என் பட்டறைக்கு வந்தாள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு மரத்தூள் மேலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணா, அங்க தொட்டி கட்டித் தண்ணி வுட்டு, தோணி வெச்சுப் பாத்தாங்களாம். ஆடலையாம்."

"ஆடாது."

"ஒண்ணு கவுந்துகூடப் போச்சாம்."

"கவுழும்."

"நீ சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"செஞ்சவன் உன் புருசன். என்னைய கேட்டா?"

அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அவரு மானம் போனா சீனனுக்கா போவுது? எனக்குப் போவுது. பொய்க்காரன் பொண்டாட்டின்னு நாளைக்கு மீன் விக்கிற எடத்துல என்னத்தான் சொல்லுவாளுங்க. நீ கட்டிக்குடுத்த வீடுதானே அண்ணா."

என்னால் யாரை வேண்டுமானாலும் திருப்பி அனுப்ப முடியும். அவளை முடியாது. நைனா போனபின் அவளை வளர்த்தவன் நான். "அவனை இங்க வரச் சொல்லு" என்றேன்.

வந்தான். அவன் காலில் ரப்பர் செருப்பு, கையில் கடிகாரம். என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"செஞ்சது யாருன்னு கம்பெனிக்கு நீ உன் வாயால சொல்லணும். அப்போ செஞ்சு தர்றேன்."

"சொல்றேன் மச்சான். சத்தியமா சொல்றேன். இப்போ சொன்னா அங்க எல்லாமே நின்னு போவும். பினாங்குல தொறக்கட்டும். தொறந்த அன்னிக்கே சொல்லிடறேன்."

நம்பினேன். எட்டுத் தோணி செய்தேன். வேப்பம்பலகையை நானே பார்த்து வாங்கி, அடிப்பலகையை நானே சாய்த்து அடித்து, பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்து, ஒவ்வொன்றையும் ஏரியில் இழுத்து ஆட்டிப் பார்த்தபின்தான் லாரியில் ஏற்றினேன். பினாங்கில் அவை ஆடின. திறந்த நாளில் மலாய் ராஜ வம்சத்துப் பிள்ளைகள்கூட ஏறினார்கள் என்று பாய் பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை சொல்லவில்லை.

அடுத்து சிங்கப்பூர். "சிங்கப்பூர் முடியட்டும் மச்சான்." அப்புறம் எண்பதுகளில் வளைகுடாப் பக்கம், மணல்காட்டுக்கு நடுவில் குளம் வெட்டி. அங்கே தண்ணீர் வேறு மாதிரி உப்பு என்று சொல்லி, பலகையை இன்னும் கொஞ்சம் படுக்க வைத்துக் கொடுத்தேன். அந்தப் பாலைவனத்து ஜனத்துக்கு அலை ஆட்டிக் காட்டியது என் வாய்ச்சி. "கல்ஃப் முடியட்டும் மச்சான், முதலாளியே நேர்ல வர்றாரு." கம்பெனி பெருத்துக்கொண்டே போனது. என் பட்டறையிலிருந்து லாரி போய்க்கொண்டே இருந்தது. கூலி குறை வைக்கவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். கூலிக்காரனாகத்தான் வைத்திருந்தார்கள்.

ஊரில் இருந்த பூங்காவை ஒரு பெரும்புயல் கொண்டுபோனது. ராட்டினம் சவுக்குத் தோப்பில் போய்க் கிடந்தது. கம்பெனி வந்து பார்த்துவிட்டு, இரும்பை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. வெளிநாட்டில் பூங்கா இருக்கிறவனுக்குப் பழவேற்காடு எதற்கு. ஆட்டத் தோணி எங்கள் ஏரியில் பிறந்தது என்பதற்கு அதோடு சாட்சி போனது.

அதற்குப் பிறகுதான் பாய் பினாங்குக்குப் போய்த் திரும்பினார். ஆப்பக் கடையில் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"உன் தோணியப் பாத்தேன்பா. க்யூ நிக்குது. நானும் பேரப் பசங்களோட ஏறினேன். நாஷ்டா துன்னதெல்லாம் வெளிய வந்துடுச்சி."

"அப்படியா பாய்."

"வாசல்ல பெரிய போர்டு வெச்சிருக்காங்க. போட்டோ போட்டு." நிறுத்திவிட்டு டீயை ஆற்றினார். "உன் மச்சான் படம். இடுப்புத் துணியோட நிக்கிறான். 'இந்தியக் கடலோர மீனவர் ஒருவர் கண்டுபிடித்தது'னு மூணு பாஷையில எழுதிக் கீழ அவன் பேரு. நீயும் எங்கனா ஓரமா நிக்கிறியானு உத்துப் பாத்தேன்."

"நின்னேனா?"

"இல்லப்பா. உன்ன வெட்டிட்டானுங்க."

மாப்பிள்ளை ஊருக்கு வந்திருந்த நேரம் அது. நேரே போனேன். பேன்ட் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

"எப்போடா சொல்லப் போற?"

"மச்சான், இத்தினி வருசம் கழிச்சுச் சொன்னா கம்பெனிக்காரன் என்ன இன்னான்னு நெனைப்பான்? உள்ள புடிச்சுப் போட்டுடுவான். உனக்கு இன்னா வேணும் சொல்லு, தர்றேன்."

"எனக்கு வேணும்னு நான் கேட்டது ஒண்ணுதான்."

"அது மட்டும் முடியாது."

தங்கை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றோடு நான் கம்பெனிக்குத் தோணி கட்டுவதை நிறுத்தினேன். அவர்கள் கையைப் பிசைவார்கள், என்னைத் தேடி வருவார்கள் என்று பார்த்தேன். வரவில்லை. ஃபைபர் வந்துவிட்டது. நான் கடைசியாக அனுப்பிய தோணி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே அச்சு எடுத்து, அப்படியே வார்த்துவிட்டார்கள். மரம் வேண்டாம், வாய்ச்சி வேண்டாம், நான் வேண்டாம்.

ஆனால் ஒன்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கடைசித் தோணிக்குக் கிடைத்த வேம்பில் ஒரு முடிச்சு இருந்தது, சாய்த்த பலகையின் இடப்பக்கம், மூக்குக்குக் கீழே. முடிச்சு ஆணி வாங்காது. அதைச் செதுக்கி எடுத்ததில் கட்டைவிரல் பதிகிற அளவு பள்ளம் விழுந்தது. ஆட்டத்துக்கு அது கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டேன். அச்சு எடுத்தவன் பள்ளத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டான். பாயின் பேரன் பினாங்கில் தொட்டியை வற்ற வைத்துக் கழுவும்போது குனிந்து தடவிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: எல்லாத் தோணியிலும் இருக்கிறது. ஃபைபரில் எங்கிருந்து வரும் முடிச்சு?

மாப்பிள்ளை இப்போது இல்லை. சாகிறவரை சொல்லவில்லை. கம்பெனி தன் கதையை வைத்து ஒரு காட்சிக்கூடம் திறக்கப் போகிறதாம். போன மாதம் ஆபீஸிலிருந்து ஒரு பெண்ணும் கேமராக்காரனும் வந்து, தங்கை வீட்டில் மாப்பிள்ளையின் தொப்பி, பாஸ்போர்ட், கடிகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். என் வீடு நாலு வாசல் தள்ளித்தான் இருக்கிறது. என் பட்டறையைத் தாண்டித்தான் கார் போனது. யாரும் இறங்கவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். "செத்த மனுசன இழுக்காத அண்ணா" என்றாள். "அப்போ நான் செத்தாத்தான் என்னையும் இழுப்பாங்களா?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள். இன்னும் பேசவில்லை. அவளுக்காக ஒருதரம் வாயை மூடினேன், ஊருக்காக ஒருதரம் மூடினேன். இனி மூட மாட்டேன்.

கம்பெனிக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் படத்தை எடுக்க வேண்டாம். அவன் கடல் தாண்டி வந்தான், உங்களோடு நின்றான், அது அவனுடையது. இன்ஜினியர் எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்துக் கியருக்கு அவர் பெயரைப் போடுங்கள். ஆனால் தோணி நிற்கிற ஒவ்வொரு வாசலிலும், எந்த நாடாக இருந்தாலும், 'தோணியையும் அதன் அடிப்பலகையையும் செய்தவர்' என்று என் பெயர் இருக்க வேண்டும். கீழே பொடி எழுத்தில் வேண்டாம். படத்துக்கு மேலே. தமிழிலும் எழுதுங்கள், தமிழ் என்றால் நான் வாசிப்பேன். சந்தேகம் இருந்தால் எந்தத் தோணியையும் கவிழ்த்து இடப்பக்கம் தடவிப் பாருங்கள். இந்த எழுத்தில் நான் ஒருவர் பெயரையும் போடவில்லை. பெயர் போட வேண்டிய இடம் இது இல்லை, உங்கள் வாசல். என் பெயர் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பழவேற்காட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தோணி கட்டினவர் வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். சீக்கிரம் வாருங்கள். போர்டை மாட்டி, போட்டோ எடுத்து, என் கையில் கொண்டுவந்து கொடுங்கள். நான் பார்க்க வேண்டும்.